யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சாட்சி சறுக்கக் கூடாது

யானைக்கும் அடி சறுக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யானைக்கே சறுக்கும்போது, விடியுமுன்னே எழுந்து, மழை ஈரம் காயாத நிரையில் நடந்து, கானுக்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையைத் தாண்டிப் போகும் நம் மக்களுக்குச் சறுக்காமல் இருக்குமா? செர்காம், மெர்லிமாவ், உம்பாய் என்று கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் இந்தத் தாழ்ந்த பூமியில் கான்கள் அதிகம், சேறும் அதிகம். அன்று ரப்பர், பிற்பாடு செம்பனை. மரம் மாறியதே தவிர, வழுக்கல் மாறவில்லை.

ஆனால் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாம்பு கடித்தால் ஓடுவோம். லாரி மோதினால் ஊரே கூடும். வழுக்கி விழுந்தால் மட்டும், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்றால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடந்து விடுவோம். பார்த்தவர்கள் கேட்டாலும், "ஒண்ணுமில்லே, லேசா வழுக்கிடுச்சி. தைலம் போட்டா சரியாப் போயிடும்" என்போம். வீட்டில் வெந்நீர் ஒத்தடம், இரவில் தைலம், காலையில் மறுபடியும் பெரட்டு.

மூன்றாம் வாரம் முழங்கால் பானை போல வீங்கும். அல்லது இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போகும். அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், சொக்சோ ஞாபகமும் வரும். ஆபீசில் கேட்பார்கள்: "எப்ப விழுந்தே? எந்த நிரையிலே? யாரு பார்த்தா? அன்னிக்கே ஏன் சொல்லலே?" நான்கு கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இருக்காது. விழுந்தது உண்மை, வலி உண்மை. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இராது.

உண்மையாக அடிபட்டவர், சான்று இல்லாத ஒரே காரணத்தால் கிடைக்க வேண்டிய பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறோம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டட்டும்.

சொக்சோ தருமம் அல்ல

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். சொக்சோ கொடுக்கும் பணம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் தருமப் பணம் அல்ல. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதா மாதம் நம் சம்பளத்திலிருந்து ஏறக்குறைய அரை விழுக்காடு பிடித்தம் இருக்கும். முதலாளி தம் பங்காக ஏறக்குறைய ஒன்றே முக்கால் விழுக்காடு கட்டுகிறார். 1,700 வெள்ளி சம்பளக்காரர் மாதம் எட்டு வெள்ளிக்குச் சற்று மேலே கட்டுகிறார். அவர் கட்டிய பணத்தின் பேரில் அவருக்கு உள்ள உரிமை இது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த வசதி இல்லை. மலாயாவில் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இருந்தது. அதன்படி நஷ்ட ஈடு முதலாளியின் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். கொடுக்க வேண்டியவரே கணக்குப் பார்க்கிறவராக இருந்தால் சண்டைக்கும் இழுபறிக்கும் பஞ்சமிருக்குமா? பின்னர் 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் சொக்சோ தொடங்கியது. மலாயில் பெர்கேசோ என்பதும் இதுவே. அன்று முதல், முதலாளியிடம் கையேந்தாமல் பொது நிதியிலிருந்து வாங்கும் வழி பிறந்தது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதற்குள் கொண்டு வரப்பட்டார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சொக்சோவின் பாதுகாப்புக்குள் இருக்கும் தொழிலாளி, வேலையில் பட்ட காயத்துக்காக முதலாளிமேல் தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆகவே, "தோட்டத்து மேலே கேஸ் போட்டு ஆயிரமாயிரமா வாங்கித் தர்றேன், முன்பணம் குடு" என்று யாராவது லயத்துக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். வேலையில் விழுந்தால் நமக்குள்ள முதல் வழி சொக்சோதான். அந்த வழியை நாமே அடைத்துக்கொண்டால் வேறு வழி கிடைப்பது அரிது.

எதை நிரூபிக்க வேண்டும், எதை வேண்டாம்?

நம்மவர்கள் பலர் பயப்படுவது, "நாமதானே பார்க்காம கால வச்சோம், நம்ம தப்புக்கு எவன் காசு குடுப்பான்?" என்றுதான். இந்தப் பயம் தேவையில்லை. சொக்சோவில் யார் குற்றம் என்ற விசாரணை முக்கியமல்ல. பலகையை வைத்தவர் மேல் தவறா, பார்த்து நடக்காத நம் மேல் தவறா என்று அங்கே வாதாட வேண்டியதில்லை. மூன்றே விஷயங்கள் தெளிவாக இருந்தால் போதும்.

ஒன்று: விபத்து நடந்ததா? எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்?

இரண்டு: அப்போது வேலையில் இருந்தாரா? அல்லது வேலையை ஒட்டிய பயணத்தில் இருந்தாரா?

மூன்று: இந்தக் காயம் அந்த விபத்தால் வந்ததா?

சட்டத்தின் 23-ஆம் பிரிவு நமக்குத் துணையாக நிற்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போது நேர்ந்த விபத்து, அதற்கு மாறான சான்று இல்லாதவரை, வேலையின் காரணமாக நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அது. பாரத்தில் பாதியைச் சட்டமே தூக்கிக்கொள்கிறது. மீதிப் பாதி, அதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் விழுந்தோம் என்பதைக் காட்டுவது, நம் கையில் இருக்கிறது. அதற்குத்தான் சான்று சேர்க்க வேண்டும்.

முதல் நாளே வாயைத் திறக்க வேண்டும்

சான்றுகளில் எல்லாம் பெரிய சான்று, அன்றைக்கே சொல்லி வைப்பது. காயம் சிறிதோ பெரிதோ, விழுந்த உடனே மண்டோரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. "ஐயா, பெரிய கான் பலகையிலே வழுக்கி விழுந்துட்டேன், இடது முழங்கால் வலிக்குது, ஆபீசிலே சொல்லி எழுதி வையுங்க" என்று சொன்னால் போதும். நம்மால் நடக்க முடியாவிட்டால் கூட வேலை செய்கிறவரை அனுப்பிச் சொல்லலாம்.

மண்டோரோடு விட்டுவிடக் கூடாது. அவருக்கு நூறு வேலை, மறந்துவிடுவார். அன்றே ஆபீஸ் கிராணியிடமும் சொல்லி, எழுதச் சொல்ல வேண்டும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. நாம் சொன்னால்தானே அவர் தெரிவிப்பார்? நாம் நான்கு நாள் கழித்துச் சொன்னால், தாமதம் அவருடையதல்ல, நம்முடையது என்றாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும், பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் எடுத்து இவற்றை எழுதி வையுங்கள்: தேதி, மணி, எந்த வருஷத்து நடவு, எத்தனையாவது நிரை, எந்தக் கான், அப்போது கையில் என்ன இருந்தது, எந்தக் காலில் வழுக்கியது, எந்தப் பக்கமாக விழுந்தோம், முதலில் எங்கே வலித்தது, மழை பெய்ததா, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார். பத்து நிமிஷ வேலை. ஆறு மாதம் கழித்து டாக்டர்கள் முன்னே உட்காரும்போது ஞாபகம் தடுமாறும். அன்றைக்கு எழுதிய எழுத்து தடுமாறாது.

அந்த நாள் செக்ரோலில் நம் பேர் விழுந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். காலையில் பெரட்டில் நின்றோம், பேர் கூப்பிட்டார்கள், வேலைக்குப் போனோம் என்பதற்கு அதுவே சான்று. பாதி நாளில் அடிபட்டு வந்ததால் அன்றைய பேரையே அடித்துவிட்டால், "அன்று வேலைக்கே வரவில்லை" என்று ஏடு பேசும். அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படமும் பொருளும்

முன்பு படம் பிடிக்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போய் ஸ்டூடியோக்காரரை அழைத்து வர வேண்டும். இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிறோம். விழுந்த இடத்தை எடுக்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

விழுந்த இடத்தை அன்றே எடுங்கள். மறுநாள் பலகையை மாற்றிவிடுவார்கள், மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள், அல்லது வெயில் காய்ந்து வழுக்கலே தெரியாமல் போய்விடும். தூர நின்று ஒரு படம்: சுற்றியுள்ள மரங்களும் நிரை எண்ணும் தெரிய வேண்டும். நடுத்தரத்தில் ஒன்று: கானும் பலகையும் தெரிய வேண்டும். கிட்டே போய் ஒன்று: பாசியோ, உடைப்போ, சிந்திய எண்ணெயோ, சறுக்கிய தடமோ தெரிய வேண்டும். பள்ளத்தின் ஆழம் தெரிய, பக்கத்தில் ஓர் உளியோ ஒரு செருப்போ வைத்து எடுக்கலாம். காயத்தையும் எடுங்கள்: அன்று ஒன்று, வீங்கி நிறம் மாறிய பிறகு ஒன்று, கட்டுப் போட்ட பிறகு ஒன்று.

படத்தை எடுத்த தொலைபேசியிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது படம் சிறுத்துப் போகும். எப்போது எடுத்தது என்ற விவரமும் அதோடு போய்விடக் கூடும்.

அன்று போட்டிருந்த பூட்ஸை அம்மா கழுவி வெயிலில் வைத்துவிடுவார். கிழிந்த சட்டை கரித்துணியாகிவிடும். உடைந்த காண்டாக் கம்பு அடுப்புக்குப் போய்விடும். அப்படிச் செய்யாதீர்கள். அடி தேய்ந்த பூட்ஸ், இரத்தம் பட்ட துணி, உடைந்த சாமான் எல்லாவற்றையும் அப்படியே ஒரு பையில் கட்டி, தேதி எழுதி, பரணில் போட்டு வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

பார்த்தவர் யார்? வந்து தூக்கியவர் யார்?

"யாரும் பார்க்கலே" என்று சொல்லிச் சாட்சியே இல்லையென்று முடிவுகட்டிவிடுகிறோம். பால் மரம் வெட்டுகிறவருக்கும் குலை வெட்டுகிறவருக்கும் பக்கத்தில் எப்போதும் ஆள் இருப்பதில்லைதான். ஆனால் கண்ணால் விழுந்ததைப் பார்த்தவர் மட்டுமா சாட்சி? சத்தம் கேட்டு ஓடி வந்தவர் சாட்சி. சேற்றோடு கிடந்ததைப் பார்த்தவர் சாட்சி. கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டு வந்தவர் சாட்சி. டிராக்டரில் ஏற்றியவர், அன்று காலையில் நாம் நொண்டாமல் நடந்து பெரட்டுக்கு வந்ததைப் பார்த்தவர் எல்லாரும் சாட்சிகளே.

அவர்களின் பேர், அடையாளக் கார்டு எண், தொலைபேசி எண் மூன்றையும் வாங்கி வையுங்கள். ஒரு தாளில், தாம் பார்த்ததை மட்டும், தம் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம்.

இன்று நம்மோடு வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும் இருக்கிறார்கள். அவர்களின் ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்களிடம் முதல் வாரமே எழுதி வாங்குங்கள். அதேபோல அவர்களில் ஒருவர் விழுந்தால், நாமும் முன்வந்து சாட்சி சொல்ல வேண்டும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிறவருக்கு நாளைக்கு அதே பதில்தான் திரும்பக் கிடைக்கும்.

டாக்டரிடம் சொல்லும் முதல் வார்த்தை

வழக்கின் தலையெழுத்து எழுதப்படும் இடம் ஒன்று உண்டென்றால், அது ஆஸ்பத்திரியின் முதல் சீட்டுதான். தோட்டத்து டிரெசரோ, ஜாசின் ஆஸ்பத்திரி டாக்டரோ, தனியார் கிளினிக் டாக்டரோ, "என்ன ஆச்சு?" என்று கேட்கும்போது நாம் சொல்வதை அப்படியே எழுதுவார். அங்கே நம்மவர் சொல்வது என்ன? "கால் வலி டாக்டர்." அவ்வளவுதான். டாக்டரும் கால் வலி என்றே எழுதுவார். வேலையில் விழுந்த கால் வலியா, வயசான கால் வலியா என்று பிற்பாடு யாருக்குத் தெரியும்?

ஆகவே முழுதாகச் சொல்லுங்கள்: "இன்னிக்குக் காலையிலே ஏழு மணிக்கு, தோட்டத்திலே வேலை செய்யும்போது, பலகையிலே வழுக்கிக் கானிலே விழுந்துட்டேன். இடது முழங்கால், இடுப்பு ரெண்டும் வலிக்குது." மலாய் டாக்டரிடம், "ஜாத்தோ டி தெம்பாட் கெர்ஜா" என்றால் வேலையிடத்தில் விழுந்தேன் என்று புரிந்துகொள்வார். கூட வந்த மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ பதற்றத்தில், "வீட்டுலே விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால் சீட்டில் அதுதான் ஏறும். ஏறிவிட்டதாகத் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லித் திருத்தக் கேளுங்கள்.

வலிக்கும் எல்லா இடத்தையும் சொல்ல வேண்டும். பெரிய வலி சிறிய வலியை மறைத்துவிடும். கை முறிந்தவர் கையைப் பற்றி மட்டும் சொல்லி, முதுகைப் பற்றி மூன்று மாதம் கழித்துச் சொன்னால், முதுகு வலி வேறெங்கோ வந்தது என்ற சந்தேகம் எழும்.

எம்.சி. சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். தற்காலிக ஊனத்துக்கான உதவி கிடைக்க, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாளைக்கு எம்.சி. இருக்க வேண்டும். சராசரி நாள் சம்பளமாகச் சட்டம் கணக்கிடும் தொகையில் 80 விழுக்காடு கிடைக்கும். நாளொன்றுக்கு 30 வெள்ளிக்குக் குறையாது. மாதம் 1,700 வெள்ளி வாங்குகிறவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 45 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.யில் இருக்கும்போது, "சும்மா இருக்காம கொஞ்சம் உதிரிப் பழம் பொறுக்குறேன்" என்று செக்ரோலில் பேர் போட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்கு இந்த உதவி கிடையாது, காயமும் ஆறாது.

நான்கு நாளுக்குக் குறைந்த எம்.சி. என்றாலும் விபத்தைப் பதிந்து வைப்பது நல்லது. இன்று சிறிதாகத் தெரிவது நாளை பெரிதாகலாம். காயம் நிரந்தர ஊனமாக நின்றுவிட்டால் மருத்துவக் குழு விழுக்காடு போட்டு மதிப்பிடும். 20 விழுக்காடு வரை என்றால் முழுவதையும் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை ஒரே தொகையாகப் பெற்று, மீதியை ஆயுள் உள்ளவரை மாதா மாதம் பெறலாம். அன்று கிராணியிடம் சொன்ன ஒரு வார்த்தைக்கும், டாக்டர் எழுதிய ஒரு வரிக்கும் உள்ள விலை இதுதான்.

வழியில் விழுந்தால்?

லயத்தில் இருந்தவர்கள் பலர் இன்று தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வருகிறார்கள். மழையில் சாலை வளைவில் சறுக்கி விழுந்தால் அதுவும் வேலை விபத்தாகும். சட்டத்தின் 24-ஆம் பிரிவு மூன்று பயணங்களைச் சொல்கிறது: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் பயணம், வேலை சம்பந்தமாகவே போகும் பயணம், அனுமதித்த ஓய்வு நேரத்தில் வேலையிடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் இடையே போகும் பயணம்.

ஆனால் வழியை விட்டு விலகிச் சொந்தக் காரியத்துக்குப் போயிருந்தால் சிக்கல். ஆகவே இந்த வகை விபத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட் முக்கியம். அதில் எங்கிருந்து புறப்பட்டோம், எங்கே போய்க்கொண்டிருந்தோம், எத்தனை மணி என்ற மூன்றும் இருக்க வேண்டும். "வேலைக்குப் போகும் வழியில்" என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டிலிருந்து தோட்டம் வரை போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, விழுந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

கடையில் விழுந்தால் சட்டம் வேறு

இதுவரை சொன்னது வேலை விபத்து. சம்பள நாளில் டவுனுக்குப் போய், பேரங்காடியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் சொக்சோவின் வேலை விபத்து உதவி வராது. அங்கே கடைக்காரரின் கவனக்குறைவைக் காட்டித்தான் நஷ்ட ஈடு கேட்க வேண்டும். இங்கே யார் குற்றம் என்பதுதான் கேள்வியே.

இதில் உலகமெங்கும் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1974-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், திருமதி வார்ட் என்ற பெண்மணி டெஸ்கோ கடைக்குச் சாமான் வாங்கப் போனார். தரையில் சிந்திக் கிடந்த தயிரில் வழுக்கி விழுந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் சில வாரம் கழித்து அவர் அதே கடைக்குப் போனபோது, ஆரஞ்சு பானம் சிந்திக் கிடந்ததையும், கால் மணி நேரம் போல யாரும் அதைத் துடைக்காததையும் கவனித்து வைத்தார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அவர் பக்கம் நின்றது. தரையைச் சுத்தமாக வைத்திருந்தோம் என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு, அவர் காட்டவில்லை என்றது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இங்கிலாந்துத் தீர்ப்புகளை எடுத்துப் பார்க்கும் வழக்கமுடையவை.

நாம் கற்க வேண்டியது அந்த அம்மாவின் கண்ணை. விழுந்த வலியோடு போய்விடாமல், கவனித்து, சொல்லி, பதிவு செய்தார். கடையில் விழுந்தால் மேலாளரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். தரையைத் துடைக்குமுன் படம் எடுங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்ததா, இல்லையா என்பதும் படத்தில் தெரியட்டும். கடைக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுதிக் கொடுங்கள். அது சில நாள்களிலேயே அழிந்து போகலாம். அன்று சாமான் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டுக் கெடு. நகராண்மைக் கழகம் போன்ற அரசாங்க அமைப்பின் மேல் என்றால் 36 மாதம்தான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் விசாரிக்கலாம்.

பேர் இல்லாமல் உழைக்கும் பெண்கள்

ஒரு மனக்குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். புருஷன் பேர் செக்ரோலில். மனைவி கூடப் போய் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அவர் வழுக்கி விழுந்தால், ஏட்டில் அவர் வேலைக்காரரே அல்ல. உழைப்பு உண்டு, பேர் இல்லை. தாய்மார்களே, கூடப் போய் வேலை செய்வதானால் உங்கள் பேரையும் பதியச் சொல்லிக் கேளுங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களும், தங்கள் பேரில் சொக்சோ கட்டப்படுகிறதா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 60 வயதைத் தாண்டியும் வேலை செய்கிறவருக்கு அவர் சம்பளத்தில் பிடித்தம் இராது. ஆனால் முதலாளி கட்ட வேண்டும், விபத்துப் பாதுகாப்பும் உண்டு.

வீட்டையே கவனிக்கும் பெண்களுக்கு 2022 டிசம்பர் முதல் நாளிலிருந்து இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 55 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். குளியலறையில் வழுக்கி விழுந்தாலும், வீட்டு வேலையினூடே நேர்ந்தது என்றால் கேட்க வழி உண்டு. அங்கும் சான்று வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இழுத்தடித்தால், மறுத்தால்

"ரிப்போர்ட் போட்டா தோட்டத்துக்குக் கெட்ட பேரு, நீ போய் ரெஸ்ட் எடு, நாங்க பார்த்துக்கறோம்" என்று ஆறுதல் சொல்லுகிறவர்களும் உண்டு. நல்ல மனதோடும் சொல்லலாம். வேறு மனதோடும் சொல்லலாம். எப்படியானாலும் பதிவு பதிவுதான். ஆபீசில் எழுதவில்லை என்று தெரிந்தால், எம்.சி.யையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரே மலாக்காவிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். சங்கத்தில் இருப்பவர்கள் தலைவரைக் கூட அழைத்துப் போகலாம். எந்தப் பாரம் கொடுத்தாலும் நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதாகச் சாப் குத்தி வாங்கி வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மலாயில் எழுதியதைப் படித்துச் சொல்லக் கேட்டு, சரியென்றால் மட்டும் போடுங்கள்.

மருத்துவக் குழு போட்ட விழுக்காடு குறைவென்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். விழுந்த நாள் முதல் எழுதி வரும் நோட்டு அப்போது கைகொடுக்கும்: "இன்று குந்த முடியவில்லை, இன்று படியேற மகன் கைகொடுத்தான், இன்று இரவு தூக்கமில்லை." உடம்பு படும் பாட்டைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் ஏடு அது.

இல்லாததைச் சொல்ல வேண்டாம்

இத்தனையும் சொன்ன நாம் இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்தில் பிசகிய காலைத் திங்கட்கிழமை தோட்டத்தில் பிசகியதாக எழுதுவது குற்றம். சாட்சிக்கு வந்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். அதைவிடப் பெரிய கேடு, நாளை உண்மையாக விழுந்தவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். சான்று சேர்ப்பது என்றால் நடந்ததை நடந்தபடி காப்பாற்றி வைப்பது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கக் கூடாது. பால் நிறுக்கும் இடத்தில் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

தோழர்களே, ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். சம்பளச் சீட்டு, எம்.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு, ரசீது, சாட்சி எழுதிய தாள், பாரங்களின் நகல் எல்லாவற்றையும் அதில் போட்டு மழை படாத இடத்தில் வையுங்கள். டின் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். நாம் படுக்கையில் கிடக்கும்போது அவர்கள்தானே அதைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடக்க வேண்டும்?